மிச்சத் தட்டு

அத்தியாயம் 17

மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது. தம்பி தன் அக்கா புருஷனுக்குக் கொடுக்க வேண்டியது அவ்வளவு.

மூன்று லட்சத்து நாற்பதாயிரம், பிக்கப் வண்டி வாங்கியபோது நின்ற பாக்கி. ஏழாயிரத்து அறுநூறு, அதைப் பழுது பார்த்ததில் ஏறியது. கடைசி ஐம்பது, பட்டறைக்கு வந்த நாட்களில் அவன் குடித்த டீ. மச்சான் குடித்த டீயைக்கூடக் கணக்கில் ஏற்றச் சொன்னவர் அந்தப் புருஷன், பட்டறை முதலாளி. எழுதியது அக்காவின் கை. பத்து வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து, சொன்னதை எழுதிப் பழகிய கை.

போன வாரம் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் முதலாளி ஒரு தாளை நீட்டியது நினைவிருக்கும். இந்தச் சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் வண்டி அவருக்கு, கடன் அதோடு தீரும். தம்பி கையெழுத்துப் போட்டான். மலை மேல் நீர்த்தேக்கம் கட்டுகிற கம்பெனி குழாய் ஏற்ற வாடகைக்கு வண்டி எடுக்கிறது; சோதனையில் தேறினால் அன்றைக்கே நான்கு லட்சம் முன்பணம். அந்தத் தைரியத்தில் போட்டான்.

அதே தாளில் ஜாமீனுக்கு அக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்குள்ள பாதிப் பங்கு அதில் மாட்டிக்கொண்டது. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் முதலாளி மெதுவாகத்தான் சொன்னார். "வண்டி என் கைக்கு வந்துட்டா உன் கையெழுத்தைக் கிழிச்சுப் போட்டுடுவேன். இவன் இழுத்தடிச்சான்னா வீட்டை வித்துதான் எடுக்கணும். நீயே யோசிச்சுக்கோ."

ஒரு வாரம் யோசித்தாள். இன்று சனிக்கிழமை.

காலை எட்டு மணிக்குப் பிக்கப் பட்டறைக்குள் வந்து நின்றது. சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் காய்ந்த சேறு. தம்பி எப்போதும் அப்படித்தான் வருவான். அதனால் முதலாளி அவனுக்குச் சேறு என்றே பேர் வைத்திருந்தார்.

"வா சேறு. காலைத் துடைச்சியா?"

"துடைச்சேன் மாமா."

"துடைச்சும் இப்படியா? சரி, நின்னே பேசு. பெஞ்சு புதுசு."

தம்பி சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்துக் கல்லா மேல் வைத்தான். முப்பதாயிரம். துணி தேய்க்கிற கடையில் அவன் பெண்டாட்டி இரண்டு வருஷம் கால் வீங்க நின்று சேர்த்தது. "இன்னிக்குப் பதினோரு மணிக்குச் சோதனை மாமா. வண்டி பின்னாடி தொங்குது. இதுக்குள்ள எது முடியுமோ அதைப் பண்ணிக் குடுங்க."

பட்டறையின் மூத்த ஆளான ஃபிட்டர், சரக்கு அடுக்கிலிருந்து இரண்டு பொருளை இழுத்துப் போட்டார். ஒன்று ஏழு பட்டைக் கட்டு: வில்லாக வளைத்த ஏழு இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் போல்ட் முடுக்கியது. பார்க்க ஒரு அழகும் கிடையாது, கறுப்பாக, கிரீஸ் வழிந்துகொண்டு கிடந்தது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருபத்தெட்டாயிரத்து ஐநூறு. மற்றது வண்டியைத் தூக்கிக் காட்டும் லிஃப்ட் செட்: அச்சுக்கும் பழைய பட்டைக்கும் நடுவில் வைக்கிற இரண்டு இரும்புக் கட்டை, நீள போல்ட்டுகள், சிவப்புப் பெயின்ட் அடித்த நெட்டையான ஷாக் அப்சார்பர் இரண்டு, சின்னக் கவரில் ஒரு கிளாம்பு. இருபத்தொன்பதாயிரத்து எண்ணூறு.

தம்பியின் கண் சிவப்பு ஷாக்கின் மேல் போனது. அவன் போனில் அப்படி நெஞ்சு நிமிர்த்தி நிற்கிற வண்டிகளின் படம் நாற்பதாவது இருக்கும்.

"சுமைக்குன்னா..." என்று ஃபிட்டர் ஆரம்பித்தார்.

"உனக்கு ஸ்பானருக்குத்தான் கூலி," என்றார் முதலாளி. "வாய்க்கு நான் தனியா குடுக்கிறதில்ல."

ஃபிட்டர் குனிந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

தம்பி கம்பெனி கொடுத்த காகிதத்தை எடுத்தான். முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவன் அவன். கடைப் பலகை படிப்பான், பஸ் போர்டு படிப்பான். இப்படிப் பொடி எழுத்தில் நெருக்கி அடித்த தாளைப் பார்த்தால் மூச்சு வாங்கும். "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மாமா. என்ன கேக்குறான்னு பாத்துட்டு வாங்கலாம்."

முதலாளி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். "பின் பம்பர் தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டர் உயரம் இருக்கணும்." அதோடு நிறுத்திக் காகிதத்தைக் கல்லா மேல் கவிழ்த்து வைத்தார். "அவ்வளவுதான். உயரம் கேக்குறான். லிஃப்ட் செட் போட்டா எழுபத்தாறு நிக்கும். பட்டை போட்டா இந்தக் கட்டை கிடையாது, உயரம் வராது. உன் வண்டி, உன் இஷ்டம்."

சில்லறை எண்ணுகிற சாக்கில் அக்கா காகிதத்தைப் புரட்டினாள். முதலாளி படித்தது பாதி வரி. மீதிப் பாதி: ஒரு டன் சுமை ஏற்றிய நிலையில்.

கட்டை வைத்தால் வண்டி உயரும். பலம் வராது. பழைய பட்டை பழைய பட்டைதான்; மூட்டை ஏறினால் உட்கார்ந்துவிடும். பத்து வருஷமாகச் சாமான் டப்பா எடுத்துக் கொடுக்கிறவளுக்கு இது தெரியாமல் இல்லை. ஃபிட்டருக்கும் தெரியும். முதலாளிக்கு நன்றாகவே தெரியும்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ சொல்லு. தினமும் இதுலதானே கிடக்குற. எதைப் போடட்டும்?"

ஃபிட்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண்ணுக்குள் அப்பா வீட்டின் பின்கட்டு வந்து நின்றது. மழைக்கு ஒழுகுகிற இரண்டு அறைதான். ஆனால் இந்த மனுஷன் துரத்தினால் போய் உட்கார அவளுக்கு வேறு இடம் கிடையாது.

"மாமா சொல்றதையே போடு," என்றாள்.

"அப்ப சரி," என்று சிரித்தான் தம்பி. அந்தச் சிரிப்பில் சந்தேகம் எள்ளளவும் இல்லை. சின்ன வயதில் அக்கா சொன்னாள் என்று மருந்தைக் கண்ணை மூடிக் குடித்தவன்.

முதலாளி பெரிய மனசு காட்டினார். "இந்தக் கிளாம்பு ஆயிரத்து முன்னூறு. இதை எடுத்துடு. அந்தக் காசு உனக்கு டீசலுக்கு ஆகும் மச்சான்."

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வண்டிக்கு எடுத்த சாமானில் மிஞ்சியது எதுவானாலும், நட்டோ வாஷரோ, கல்லாவில் இருக்கிற அலுமினியத் தட்டுக்கு வந்துவிட வேண்டும். மிச்சத் தட்டு என்று பேர். தட்டில் ஏதாவது கிடந்தால் வண்டிக்கடியில் ஏதோ மாட்டாமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். முதலாளி "தட்டு?" என்று கேட்பார். அக்கா எட்டிப் பார்த்து "சுத்தம்" என்பாள். அதற்குப் பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள்.

அன்று ஒன்பதரைக்கு வேலை முடிந்தது. தட்டில் கவரோடு கிளாம்பு கிடந்தது.

"தட்டு?"

"கிளாம்பு இருக்குங்க."

"அது மிச்சமில்ல. நான் விட்டுக்குடுத்தது. சுத்தம்னு சொல்லு."

"சுத்தம்."

மூன்று பேரும் பிக்கப்பிலேயே போனார்கள். முதலாளி சொந்தத்துக்கு வண்டி வைத்துக்கொள்வதில்லை. பழுதுக்கு வருகிற வண்டியிலேயே ஊர் சுற்றுகிறவர். ஜன்னலோரம் அவர், நடுவில் அக்கா, ஸ்டியரிங்கில் தம்பி. கியர் மாற்றும்போதெல்லாம் அவன் முழங்கை அவள் முழங்காலில் இடித்தது.

"முன்பணம் வந்ததும் உங்க கடனை முதல்ல தூக்கிப் போட்டுடறேன் மாமா. மிச்சத்துல அவளுக்கு உக்காந்து தேய்க்கிற மாதிரி ஒரு மேசை வாங்கணும்."

"வாங்கு, வாங்கு," என்றார் முதலாளி, வெளியே பார்த்துக்கொண்டு.

மலையடியில் இருந்த கம்பெனி கேட்டில் சோதனை அதிகாரி டேப்பைப் பிடித்து அளந்தார். காலி வண்டி, எழுபத்தாறு. தம்பி அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"சரி, மூட்டையை ஏத்துங்க," என்றார் அதிகாரி.

"மூட்டையா சார்?"

ஐம்பது கிலோ மணல் மூட்டை இருபது. தம்பியே தூக்கிப் போட்டான். எட்டாவது மூட்டையில் வண்டியின் பின்பக்கம் முனகியது. பதினாலாவதில் சிவப்பு ஷாக் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. இருபதாவதைப் போட்டதும் அச்சு போய் ரப்பர் முட்டில் இடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி குனிந்து அளந்தார். ஐம்பத்தைந்து.

"என்னய்யா, கட்டையை வெச்சுத் தூக்கிட்டு வந்திருக்க? உயரம் இருக்கு, பலம் எங்க? இதை வெச்சுக்கிட்டுச் சரிவுல இறங்கிக் காட்டுற சோதனைக்கு நான் எப்படி விடுவேன்? யாரு கட்டினது இது?"

"பையன் படம் பாத்து ஆசைப்பட்டுட்டான் சார்," என்றார் முதலாளி. "சொன்னா கேக்கிறதில்ல. வண்டிக்குப் பவுடர் பூசணும் அவனுக்கு."

"சுமையோடன்னு காகிதத்துல தெளிவா எழுதியிருக்கே. படிக்கலையா நீ?"

தம்பிக்கு வேர்த்து ஊற்றியது. "படிச்சுக் காட்டினாங்க சார்," என்றான். சொல்லும்போது அவன் மாமாவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அவள் மணல் மூட்டையின் தையலைப் பார்த்தாள்.

அதிகாரி நோட்டில் தம்பி பேருக்கு நேரே கோடு போட்டார். ஒரு பக்கம் புரட்டிவிட்டு முதலாளியை ஏறிட்டார். "நாலு மணிக்கு உங்க பேர்ல ஒண்ணு இருக்கே. போன வாரம் செவ்வாய்க்கிழமையே பதிஞ்சிருக்கீங்க. அது எந்த வண்டி?"

"வந்துடும் சார்," என்றார் முதலாளி.

செவ்வாய்க்கிழமை. மேசையில் தாளை நீட்டியது வெள்ளிக்கிழமை. தம்பி கையெழுத்துப் போடுவதற்கு மூன்று நாள் முன்னாலேயே இந்த வண்டி அவன் கையை விட்டுப் போய்விட்டது என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வரும்போது முதலாளி ஓட்டினார். சாவியைக் கேட்டார், தம்பி கொடுத்தான்.

பட்டறையில் இறங்கியதும் முதலாளி சொன்னார், "அந்த ஏழு பட்டையைக் கட்டு. நாலு மணிக்குள்ள நிக்கணும்."

ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். "ஒத்த ஆளா முடியாது முதலாளி."

"ஆள் இருக்கானே." முதலாளி தம்பியிடம் திரும்பினார். "வண்டி இப்ப என்னுது. பட்டை மாத்துற கூலி ஐநூறு. வேணும்னா அடியில படு, வேண்டாம்னா நடையைக் கட்டு. இனிமே நடைதானே உனக்கு."

தம்பி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கடியில் போனான்.

அக்கா கல்லாவுக்கு வந்தாள். எதிரே முதலாளி போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க. அந்த வீட்டுக் கையெழுத்து..."

"எந்த வீட்டு?"

"கிழிச்சுப் போடறேன்னு சொன்னீங்க. வண்டி வந்துருச்சு இல்ல."

"ஓ, அதுவா." விரலைச் சூப்பினார். "இருக்கட்டும். இன்னும் ரெண்டு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். பேங்குல காட்டறதுக்கு ஆகும்."

"சொன்னீங்களே."

"உன் தம்பிக்கும்தான் படிச்சுச் சொன்னேன்," என்று சிரித்தார் முதலாளி. "நீயும் கேட்டுக்கிட்டுதானே நின்ன. நீயே அவனைக் காப்பாத்தல, நான் எதுக்கு உன்னைக் காப்பாத்தணும்?"

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது.

மூன்று மணிக்குத் தம்பி வண்டிக்கடியிலிருந்து வந்தான். முகமெல்லாம் கிரீஸ். நேராகக் கல்லாவுக்கு வந்து தட்டைக் காட்டினான். "அந்தக் கிளாம்பை எடு. பிரேக் கம்பி தொங்குது."

"கூலிக்காரனுக்குக் கல்லாகிட்ட என்ன வேலை?" முதலாளி கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"இல்ல மாமா, ஒரு விஷயம்..."

"மாமா எல்லாம் காலையோட முடிஞ்சது. போய் நட்டை முடுக்கு. நீ கட்டின லட்சணத்தை ஊரே பாத்துச்சு, எனக்குச் சொல்லித்தர வந்துட்டான். அந்தக் கட்டையையும் எடுக்காத, இருக்கட்டும். உயரமா நின்னா நல்லாத்தான் இருக்கு."

தம்பி அக்காவைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். திரும்ப வண்டிக்கடியில் போனான்.

மூன்றே முக்காலுக்கு வண்டி தயார். கட்டையின் மேல் ஏழு பட்டை, அதன் மேல் வண்டி. ஏறி நின்று குதித்தாலும் அசையாது. முதலாளி சட்டை மாற்றிக்கொண்டு, கம்பெனிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினார். தோளை நிமிர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"தட்டு?"

அக்கா குனிந்து பார்த்தாள். அலுமினியத் தட்டின் நடுவில், கவரோடு, காலையில் அவள் வைத்த இடத்திலேயே கிளாம்பு கிடந்தது. வாஷர்கூட இல்லாத தட்டில் அது ஒன்றுதான்.

"என்ன, தூங்கறியா? தட்டு?"

"சுத்தம்," என்றாள்.

கேட் திறந்தது. "மூட்டை ஏத்த ஆள் வேணும், ஏறு," என்று முதலாளி ஃபிட்டரைக் கூப்பிட்டார். ஃபிட்டர் கையைத் துணியில் துடைத்தபடி ஓடிப் போய் ஏறிக்கொண்டார். வண்டி மலை ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

தம்பி சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு கல்லாவுக்கு வந்தான். தட்டை விரலால் தன் பக்கம் இழுத்தான்.

"இது எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

"பிரேக்குக்குன்னு தெரியும்."

"அச்சுக்கும் மேல சேசிஸுக்கும் நடுவுல ஒரு கம்பி இருக்கு. சுமை ஏறி வண்டி அமுங்கினா அது பின் சக்கரத்துக்குப் பிரேக்கைக் கூட்டிக் குடுக்கும். வண்டியைத் தூக்கினா கம்பியையும் தூக்கணும், அதுக்குத்தான் இது. காலையில இது இல்லாமலே தப்பிச்சோம். ஏன்னா வண்டி உக்காந்துடுச்சு, கம்பிக்குச் சுமை தெரிஞ்சது. இப்ப ஏழு பட்டை. ஒரு டன் இல்ல, ரெண்டு டன் போட்டாலும் உக்காராது. கம்பி காலி வண்டின்னே நெனச்சுக்கும். சரிவுல பின் பிரேக் பிடிக்காது." அவன் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "இப்படின்னு தெரிஞ்சுதான் சுத்தம்னு சொன்னியா?"

அக்கா வாயைத் திறந்தாள். வண்டியில் அந்த மனுஷன் மட்டும் இருந்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். அவள் கண்ணில் துணியில் கை துடைத்துக்கொண்டு ஓடிய ஃபிட்டர் வந்தார். நாலு பேர் சாப்பிடுகிற வீடு அவருடையது.

போனை எடுத்து முதலாளியின் நம்பரை அழுத்தினாள். கல்லாவின் எதிர்ப்பக்கம், சார்ஜர் வயரின் நுனியில், அது மணியடித்தது.

"ஃபிட்டருக்குப் போடு," என்றான் தம்பி.

"வேலை நேரத்துல போன் கூடாதுன்னு அவரோடதை இவர்தான் வாங்கி டிராயர்ல வெச்சிருக்கார்."

"கம்பெனிக்கு?"

"நம்பர் அந்தக் காகிதத்துல. அது இவர் சட்டைப் பையில."

சுவர்க் கடிகாரம் நாலாக ஏழு நிமிஷம் என்றது.

"நீ போடா. போய் நிறுத்துடா."

தம்பி பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். மூலையில் சக்கரம் கழற்றிய வேன் ஒன்று முட்டுக் கொடுத்து நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

"எதுலக்கா போறது?" என்றான். "வண்டி இருந்தா போயிருப்பேன்."

அவள் கல்லா மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"மலையடி வரைக்கும் ஓடினா அரை மணி நேரம்," என்றான். "அதுக்கு முன்னாடி என் கணக்கை முடிச்சுக் குடு. வண்டி போயிடுச்சு. கணக்கு நிக்கக் கூடாது."

"இப்பவாடா?"

"மாமா சொல்றதையே போடுன்னு சொன்ன இல்ல? வண்டி வந்தா கடன் தீர்ந்துச்சுன்னு தாள்ல மாமாதான் சொல்லியிருக்கார். அதையே போடு."

அக்கா பேரேட்டை விரித்தாள். மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு நேரே எழுதினாள். ஏழாயிரத்து அறுநூறுக்கு நேரே எழுதினாள். அவன் பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, கிரீஸ் விரலை எழுத்தின் கீழே வைத்து, வாய்க்குள் கூட்டிப் படித்தான். தீ. ர். ந். த. து. அவசரமே இல்லாமல் இரண்டு வரியையும் படித்தான். கடிகாரம் நாலைத் தொட்டது. அவன் விரல் மூன்றாவது வரியில் நின்றது.

"டீ ஐம்பதுன்னு இருக்கே. இது?"

அவள் அந்த வரியை அடித்தாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

தம்பி தட்டிலிருந்த கிளாம்பை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். வாசலுக்கு இடப்பக்கம் மலை ரோடு, வலப்பக்கம் அவன் வீடு. கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் கேட்டுத் தூண் மறைக்கும். எந்தப் பக்கம் திரும்பினான் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை.

தட்டு சுத்தமாக இருந்தது. தம்பி யாருக்கும் ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டியதில்லை.